காந்த அறை வாசலில் ஒரு கேள்வி

மடம் இல்லை, ஆற்றங்கரை இல்லை. கோவையில் மோட்டார்ப் பட்டறைகள் நெருக்கியடிக்கும் சந்தில் தகரக் கூரை போட்ட ஒரு கூடம், அதற்குள் ஓர் அறை. குரு சாந்தாமணிக்கு வயது நாற்பத்தைந்து. சீடர் அவிநாசியப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. எல்லாம் முறைப்படிதான் நடக்க வேண்டும் என்றால் உலகத்தில் பாதி நடக்காது.

மோட்டாருக்குள் சுழலும் உருளையில் நியோடிமியம் காந்தங்களைப் பதித்துக் கொடுப்பது சாந்தாமணியின் தொழில். நிக்கல் பூச்சோடு பளபளவென்று, பார்க்க மிட்டாய் வில்லை மாதிரி இருக்கும். இரண்டுக்கு நடுவில் விரல் அகப்பட்டால் நசுக்கிவிடும்.

அவிநாசியப்பன் முதலில் வந்தது ஒரு காந்தம் வாங்க. வீட்டில் பீரோ கதவு தானாகத் திறந்துகொண்டு கிறீச்சிட்டது. மனைவி போனபிறகு அந்த வீட்டில் சத்தம் போடுவது அது ஒன்றுதான். அதையும் அவரால் தாங்க முடியவில்லை. இருப்பதிலேயே பெரியதாகக் கொடுங்கள் என்றார்.

எவ்வளவு கனம் தாங்க வேண்டும் என்று சாந்தாமணி கேட்கவில்லை.

"அந்தக் கதவைத் தெனமும் தொறக்கப் போறது ஆருங்ணா?"

"நாந்தானுங்."

"வேற ஆருமில்லீங்களா?"

"இல்லீங் அம்மிணி."

சாந்தாமணி அவர் கைகளைப் பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தான் அளவில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பெரியதை வைத்தால் கதவோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டும், ஒருநாள் விரல் மாட்டும், கூப்பிட்டால் வர ஆளில்லை என்றார்.

மறுநாள், கதவு நன்றாக மூடுகிறது என்று சொல்ல அவிநாசியப்பன் வந்தார். அதற்கு மறுநாளும் அதையே சொல்ல வந்தார். அடுத்த முறை சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அதனால் வேலை கேட்டார். சம்பளம் முக்கியமில்லை, கற்றுக்கொடுத்தால் போதும் என்றார்.

காந்த அறைக்குள் நுழைவதற்கு ஒரு முறை உண்டு. வாசலில் மரத் தட்டு இருக்கும். கடிகாரம், சாவி, செல்போன், ஏடிஎம் கார்டு எல்லாம் அதில் போய்விட வேண்டும். அவிநாசியப்பன் அரைஞாண் கயிற்றில் இருந்த ஊக்கைக்கூடக் கழற்றிப் போட்டார். அப்புறம் சாந்தாமணி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கேட்பார்:

"உடம்புக்குள்ள ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

பல வருஷமாக வேலை செய்யும் பெண்களிடமும் தினமும் இதே கேள்விதான். நேற்று இல்லாதது இன்று இருக்கலாம் என்பார். அந்தப் பெண்கள் சலித்துக்கொண்டே இல்லை என்பார்கள். அவிநாசியப்பன் மட்டும் அந்தக் கேள்விக்காகக் காத்திருப்பார். அவர் உடம்பைப் பற்றி ஊரில் வேறு யாரும் கேட்பதில்லை.

"இல்லீங்," என்பார்.

அது பொய். அவருடைய இடது தோளுக்குக் கீழே, மார்பில் தோலுக்கடியில் ஒரு பேஸ்மேக்கர் இருந்தது. தடுமாறும் இதயத்தைத் தாளம் தப்பாமல் நடத்துவது அதுதான். பலமான காந்தம் பக்கத்தில் வந்தால் அதன் போக்கு மாறிவிடும், கிட்டவே போகாதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மனிதர் அத்தனையும் கேட்டுவிட்டுத்தான் இங்கே வந்து வேலைக்குச் சேர்ந்தார். தனிமை ஒருவரை எவ்வளவு முட்டாளாக்கும் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

அறையின் கடைசி மேஜை அவருக்கு. சின்னக் காந்தங்களைத் திசைகாட்டி கொண்டு எந்தப் பக்கம் வடக்கு என்று பார்த்துப் பொட்டு வைக்கும் வேலை. இரண்டு கைகளையும் முழுக்க நீட்டியே வேலை செய்வார். வெள்ளெழுத்து போல என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

காந்தங்களை இழுத்துப் பிரிக்கக் கூடாது, பக்கவாட்டில் தள்ளித்தான் எடுக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டார். துளை போடக் கூடாது, சூடு காட்டக் கூடாது, சும்மா கிடக்கும் இரண்டுக்கு நடுவில் எப்போதும் ஒரு மரக்கட்டை இருக்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டார். மத்தியானம் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். வேலை அவருக்குப் பிடித்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை சாந்தாமணி சொன்னார்: "திங்கக்கெழமையிலிருந்து உருளை மேஜைக்கு வந்துருங்ணா."

அங்கே போவது பெரிய மரியாதை. கையளவு காந்தங்களை மார்போடு அணைத்த மாதிரி வைத்துக்கொண்டுதான் உருளையில் பதிக்க வேண்டும்.

ஞாயிறு முழுக்க அவர் யாரிடமும் பேசவில்லை, பேச ஆளில்லை. திங்கட்கிழமை பால்காரரிடம் வாய் திறந்தபோது குரல் கரகரத்தது. சொன்னால் இடம் போகும். சொல்லாவிட்டால் உயிர் போகலாம். இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

அன்றும் வாசலில் கேள்வி வந்தது. அன்றும் "இல்லீங்" என்றார்.

உருளை மேஜைக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டு, நேரம் கடத்துவதற்காக ஒன்று கேட்டார்.

"இத்தனை ஆசையாச் சேர்ற ரெண்டுக்கும் நடுவுல கட்டையை எதுக்குங் அம்மிணி வெக்கறது?"

சாந்தாமணி கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியை அவரிடம் நீட்டினார். பூச்சு உரிந்து ஒதுக்கி வைத்த இரண்டு காந்தங்களை மேஜையில் தள்ளித் தள்ளி வைத்தார். கட்டை வைக்கவில்லை. மரக் குச்சியால் ஒன்றை லேசாக நகர்த்தினார்.

படீரென்று ஒரு சத்தம். இரண்டும் ஒன்றையொன்று மோதிச் சுக்குநூறாகி, சில்லுகள் எல்லாம் முள்ளு முள்ளாய் ஒரே கட்டியாகச் சேர்ந்து நின்றன.

"இதுல எது எதோடதுன்னு பிரிச்சுக் குடுங்ணா. கிட்ட வந்து பாருங்க."

அவிநாசியப்பன் குனியப் போனார். பாதி குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வலது கை தானாக எழுந்து இடது தோளுக்குக் கீழே மார்பை மூடியது.

சாந்தாமணி அந்தக் கையைப் பார்த்தார்.

"இருக்குதுங்," என்றார் அவிநாசியப்பன். "மொத நாள்ல இருந்தே இருக்குதுங்."

சாந்தாமணி திட்டவில்லை. அவர் முகம் வெளுத்ததை அங்கிருந்த பெண்கள் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார்கள். பின்பக்கமாகவே நடங்கள், திரும்ப வேண்டாம், எந்த மேஜைப் பக்கமும் சாயாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே அவரை வெளியே கொண்டுவந்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் சோதித்துப் பார்த்து, கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். அதற்கப்புறம் வயதைப் பார்க்காமல் திட்டித் தீர்த்தார்.

திரும்பி வரும்போது அவிநாசியப்பன் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "வூட்டுல ஆருமில்லீங் அம்மிணி." அதையேதான் பீரோவுக்குக் காந்தம் வாங்க வந்த அன்றும் சொன்னார்.

சாந்தாமணி பட்டறையில் இறங்கியதும் திசைகாட்டியை எடுத்துக்கொண்டு காந்த அறை வாசலில் நின்றார். முள் அறையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவர் கூடத்தைத் தாண்டி நடந்தார். முள் ஆடிக்கொண்டே வந்தது. தெருக் கதவுப் பக்கம் போனபோது உள்ளே இருப்பதை எல்லாம் மறந்துவிட்டு ஆடாமல் வடக்கைக் காட்டியது. அதற்கும் அப்பால் நாலு எட்டு தள்ளி ஒரு நாற்காலியும் மேஜையும் போடச் சொன்னார். இனி அவிநாசியப்பன் அங்கே உட்கார்ந்து, காந்தம் கேட்டு வருகிறவர்களிடம் அதைத் தினமும் எடுக்கப் போவது யார் என்று விசாரித்து, உள்ளே சத்தம் கொடுக்க வேண்டும். காந்தத்தைத் தொட வேண்டியதில்லை.

மறுநாள் காலை அவிநாசியப்பன் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கடிகாரத்தைக் கழற்றும் வேலை இல்லை. உள்ளே தட்டில் சாவிகள் விழும் சத்தம் கேட்டது. ஒவ்வொருவரிடமும் சாந்தாமணி அந்தக் கேள்வியைக் கேட்பதும், ஒவ்வொருவரும் சலித்துக்கொள்வதும் கேட்டது. அப்புறம் காந்த அறைக் கதவு மூடிக்கொண்டது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கதவு மறுபடி திறந்தது. சாந்தாமணி கூடத்தைத் தாண்டி அவ்வளவு தூரமும் நடந்துவந்து, மேஜைக்கு முன்னால் நின்று, அவர் முகத்தைப் பார்த்தார்.

"உடம்புக்குள்ள ஏதாச்சும் வெச்சிருக்கீங்களாங்ணா?"

"இருக்குதுங்," என்றார் அவிநாசியப்பன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுதான் தெரியுமுங்களே. நாந்தான் உள்ளார வரப்போறதில்லையே அம்மிணி, என்னைய எதுக்குக் கேக்கறீங்?"

"உள்ளார வர்றவங்களை மட்டுந்தான் கேக்கோணுமுங்களா?"