அக்கரைப் பந்தி

ஆற்றங்கரை மடத்தில் சமையல் பொறுப்பு மாசிலாமணியுடையது. சீடர்தான், ஆனால் குருவைவிட வயதில் மூத்தவர். குரு அந்த மடத்துக்கு வருவதற்கு முன்பே வந்தவர். அதனால் குரு மற்றவர்களிடம் பேசுவது ஒரு விதமாகவும், மாசிலாமணியிடம் பேசுவது வேறு விதமாகவும் இருக்கும்.

யாரோ ஒரு பக்தர் சமையலறைக்குச் சின்ன வானொலிப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார். காலையில் பக்திப் பாடல்கள் கேட்கலாம் என்று. பாடல்கள் முடிந்ததும் 'நம்ம கரை' என்று ஒரு நிகழ்ச்சி வரும். நிறுத்த மறந்துதான் மாசிலாமணி முதலில் அதைக் கேட்டார். பிறகு பாடல்கள் எப்போது முடியும் என்று காத்திருக்க ஆரம்பித்தார். மதியம் அதே நிகழ்ச்சியை மறுபடியும் போடுவார்கள். அதையும் விடுவதில்லை.

பேசுகிறவர் பெயர் வெற்றிக்குமரன். பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்து பேசுவதுபோலப் பேசுவார். அந்தக் கோடையில் ஆறு இறங்கிக்கொண்டே போயிற்று. அக்கரைக்காரர்கள் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்று ஒருநாள் சொன்னார். அவர்கள் என்றைக்குமே அப்படித்தான் என்று மறுநாள் சொன்னார். சிரித்துப் பேசுகிற அக்கரைக்காரனிடம்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்றார் இன்னொரு நாள்.

மாசிலாமணிக்குச் சிரித்துப் பேசுகிற அக்கரைக்காரர் ஒருவரைத்தான் தெரியும். கொம்பையா. தன் தோட்டத்துக் காய்களைத் தோணியில் ஏற்றிக்கொண்டு வந்து மடத்தில் இறக்குபவர். இறக்கியதும் போய்விட மாட்டார். சமையலறையில் சம்மணமிட்டு உட்கார்ந்து காப்பி குடிப்பார். மாசிலாமணி காய் நறுக்குவதைப் பார்த்து, "இது அவியலுக்கா அண்ணாச்சி, இல்ல மாட்டுக்கா?" என்று கேட்பார். இரண்டு பேரும் சிரிப்பது குருவின் அறைவரைக்கும் கேட்கும்.

கொம்பையாவின் மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோதே, அவள் கல்யாணத்துக்குத் தன் கையால்தான் சமையல் என்று மாசிலாமணி வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது அவளுக்குக் கல்யாணம் வந்துவிட்டது.

ஆனால் காப்பி நின்றுபோயிற்று. காயை மாசிலாமணி வாசலிலேயே வாங்கிக்கொண்டார். உடம்புக்கு ஏதாவதா என்று கொம்பையா விசாரித்ததற்கு, வேலை அதிகம் என்று சொல்லி உள்ளே போனார். கத்தரிக்காயைக் கையில் எடுத்தால் இது யார் தண்ணீரில் விளைந்தது என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. மறுநாள் காலையில் வெட்கம் போய்விடும்.

படையல் முடியும்வரை சமைத்தவர் ருசி பார்ப்பது அந்த மடத்தில் வழக்கமில்லை. உப்பும் காரமும் கை அளவுதான். மாசிலாமணியின் கை தவறியதே கிடையாது. அவரோ சில மாதங்களாகப் பந்தியில் உட்காருவதில்லை. வயிறு சரியில்லை என்று கஞ்சியை ஊற்றிக்கொண்டு வானொலிக்குப் பக்கத்தில் இருந்துவிடுவார்.

பந்தியில் இளைய சீடர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். குழம்பில் காரம் நாளுக்கு நாள் ஏறுகிறது என்று குருவிடம் முறையிட்டார்கள். குரு கண்ணைத் துடைத்துக்கொண்டு மோர் கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள். படையலும் பந்தியும் முடிந்த நேரத்தில் மாசிலாமணியைச் சமையலுக்கு அழைத்துப்போகக் கொம்பையா தோணியைக் கொண்டுவந்து படித்துறையில் கட்டினார். மாசிலாமணி அவரைப் பார்க்கப் போகாமல் குருவிடம் வந்தார்.

"எனக்கு உடம்பு முடியவில்லை என்று சுவாமிதான் அவரிடம் சொல்லி அனுப்ப வேண்டும்."

"உடம்புக்கு என்ன?"

மாசிலாமணி தண்ணீரைப் பற்றியும், மோட்டாரைப் பற்றியும், வெற்றிக்குமரனைப் பற்றியும் சொன்னார். எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டார்: "அவர் சொல்வது மெய்யா, பொய்யா?"

"கேட்காமல் எப்படிச் சொல்வது? வாரும், கேட்போம்."

இருவரும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். மறுஒலிபரப்பு தொடங்கியது. "சொந்தங்களே, சாப்பிட்டீங்களா?" என்றது குரல்.

"இன்னும் இல்லை," என்று மாசிலாமணி மெதுவாகச் சொன்னார். சொன்னது அவருக்கே தெரியவில்லை.

குரு அவரைத் திரும்பிப் பார்த்தார். கடைசிவரை கேட்டார். முடிந்ததும் பெட்டியை அணைத்தார்.

"தினமும் கேட்பாரா?"

"எதை, சுவாமி?"

"சாப்பிட்டீரா என்று."

"தினமும் கேட்பார்."

"நான் கேட்டதுண்டா?"

மாசிலாமணி தரையைப் பார்த்தார். "சுவாமிக்கு எத்தனையோ வேலை."

குரு எழுந்து ஒரு இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். "உட்காரும்," என்றார். மாசிலாமணி பதறி எழப்போனார். குரு அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினார். பழக்கமில்லாத கை, குழம்பு இலையைத் தாண்டி ஓடியது.

மாசிலாமணி ஒரு வாய் சாப்பிட்டார். இருமினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இதில் யார் மிளகாய் போட்டது?"

"நீர்தான்."

"என் கை இவ்வளவு போடாதே, சுவாமி."

"நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சாப்பிட்டீரா என்று உம்மை ஒருநாளும் கேட்காதவன், காரம் என்று எந்த முகத்தோடு வந்து சொல்வது?" என்று சொல்லிவிட்டு குரு மோரை ஊற்றினார்.

மாசிலாமணி இலையை வழித்துச் சாப்பிட்டார். அந்தக் காரத்தையும் மிச்சம் வைக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்தபோது முகம் தெளிந்திருந்தது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

"அக்கரைக்குப் போக மனம் ஒப்பவில்லை. ஊரே வெற்றிக்குமரன் பேச்சைக் கேட்கிறது. இத்தனை பேருமா ஏமாளிகள்?"

குரு வேட்டியை மடித்துக் கட்டினார். ஆணியில் மாட்டியிருந்த பெரிய கரண்டியை எடுத்துக்கொண்டு படித்துறைக்கு நடந்தார்.

தோணியில் கொம்பையா உட்கார்ந்திருந்தார். குருவைக் கண்டு எழுந்து கும்பிட்டார்.

"அண்ணாச்சி வரலையா சாமி?"

"நான் வருகிறேன். போகலாம்."

கொம்பையா அவர் கையில் இருந்த கரண்டியைப் பார்த்தார். ஊரே சாப்பிட வருகிற கல்யாணம். ஆனாலும் ஏறுவதற்குக் கை கொடுத்தார். "அண்ணாச்சிக்கு மேலுக்கு முடியலையா? மருந்து ஏதும் வாங்கியாரணுமா?" என்று மட்டும் கேட்டார்.

மாசிலாமணி படிகளில் வேகமாக இறங்கி வந்தார். கொம்பையா கேட்டது அவர் காதில் விழுந்தது. கொம்பையாவின் முகத்தைப் பார்க்காமல் குருவையே பார்த்தார்.

"சுவாமி, இது என்ன விளையாட்டு? உங்களுக்கு அடுப்பு மூட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரியுமா?"

"தெரியாது."

"சாம்பாரில் முதலில் புளியா, பருப்பா?"

"அதுவும் தெரியாது."

"பிறகு என்னதான் தெரியும் என்று இதில் ஏறி உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

"கொம்பையாவைத் தெரியும்," என்றார் குரு.

மாசிலாமணி தண்ணீரில் கால் நனைய நின்றார். பிறகு குருவின் கையில் தலைகீழாக இருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.