தலையாட்டிய துணைத்தலைவர்

ஒரு நகரத்தில், பஸ் டெப்போவுக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்தது. அதன் கரையில் பிளாஸ்டிக் பைகள் அமோகமாக விளைந்திருந்தன. நடுவே, யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், ஒரே ஒரு நொச்சிப் புதர் தழைத்து நின்றது.

அதில் மாசிலாமணி என்ற ஓணான் குடியிருந்தது. வெயிலுக்கு நிழல், பசிக்குப் பூச்சி, பருந்து வந்தால் ஒளிய இடம், எல்லாமே அதற்கு அந்தப் புதர்தான்.

ஒருநாள் குட்டைக்கரை விலங்குகளுக்குத் திடீரென்று சமூக அக்கறை பொங்கியது. "நம்ம பேட்டையைப் பசுமையாக்கணும்!" என்று கூட்டம் போட்டன. கொம்பையா என்ற வெள்ளாடு தலைமை தாங்க முன்வந்தது. செடிகொடிகளை அதைவிட ருசித்து அறிந்தவர் அந்த வட்டாரத்தில் யார் இருக்கிறார்கள்?

"நான் தலைவரா இருக்கச் சம்மதமா?" என்றது ஆடு.

எல்லாம் யோசித்தன. ஓணான் மட்டும் வழக்கம்போலத் தலையை ஆட்டியது.

"ஆகா! மாசிலாமணி அண்ணன்தான் துணைத்தலைவர்!" என்று ஆடு அறிவித்தது.

ஓணானுக்குத் தலைகால் புரியவில்லை. கல்லடிக்குப் பயந்து ஓடிய தன்னையும் அண்ணன் என்கிறார்களே! அன்றுமுதல் கூட்டங்களில் முன்வரிசைச் செங்கல்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. வேலைக்கு முன்னால் ஆளாளுக்கு வாழ்த்துரை வழங்கலாமா? தலையாட்டியது. குப்பை பொறுக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா? அதற்குக் கொஞ்சம் பலமாகவே ஆட்டியது.

கடைசியில் ஆடு விஷயத்துக்கு வந்தது. "செம்பருத்திக் கன்னு நடப்போறோம். முதல்ல கரையில இருக்கிற களையெல்லாம் பிடுங்கணும்!" சொல்லும்போதே அதற்கு நாக்கில் எச்சில் ஊறியது.

செவந்தி என்ற தவிட்டுக்குருவி பதறியது. "நொச்சியையுமா? இந்தக் கரையில பச்சையா இருக்கிறதே அது ஒண்ணுதானே!"

"நாம நடாதது எப்படிம்மா பசுமையாகும்? யார் பேர்ல கல்வெட்டு வைக்கிறது? துணைத்தலைவர் என்ன சொல்றார்?"

ஓணான் தன் புதரைத் திரும்பிப் பார்த்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தது. ஆனால் எல்லாக் கண்களும் அதன்மேலேயே இருந்தன. இப்போது மறுத்தால் பதவி என்னாவது? தலை மேலும் கீழும் ஆடியது.

"அட மடையா, அது உன் வீடுய்யா!" என்று கத்தியது செவந்தி.

"தியாகச் செம்மல் மாசிலாமணி அண்ணன் வாழ்க!" என்று கூட்டம் அதைவிடப் பலமாகக் கத்தியது. கூட்டத்திலிருந்த பன்றிகள் பாய்ந்து புதரை வேரோடு கிளறி எறிந்தன. செவந்தி அழுதுகொண்டே வேறு தெருவுக்குப் பறந்துபோனது.

கன்றுகள் நடப்பட்டன. கன்றுக்கு ஒரு கல்வெட்டு வீதம் வைக்கப்பட்டது. பராமரிப்புப் பொறுப்பைத் தலைவரே பெருந்தன்மையோடு ஏற்றார். சில நாளில் கல்வெட்டுகள் மட்டும் செழிப்பாக நின்றன.

"கன்னெல்லாம் வாடிப்போச்சு. நானே அப்புறப்படுத்திட்டேன்," என்று ஏப்பம் விட்டது ஆடு. ஓணான் அதற்கும் தலையாட்டியது.

மறுநாள் உச்சிவெயிலில், சுடுகிற கல்வெட்டின்மேல் ஓணான் நிழல் தேடித் தவித்துக்கொண்டிருந்தது. பருந்து ஒன்று அவசரமே இல்லாமல் எதிரில் வந்து இறங்கியது. ஓடி ஒளிய ஒரு இலைகூட இல்லை.

"துணைத்தலைவருக்கு வணக்கம்! இங்கே எதையும் உங்களைக் கேட்டுத்தான் செய்றாங்களாமே? உங்களைத் தூக்கிட்டுப் போகலாம்னு இருக்கேன். சம்மதந்தானே?"

'ஐயோ, வேண்டாம்!' என்று அலறத்தான் ஓணான் நினைத்தது. ஆனால் பழகிய தலை, தன்பாட்டுக்கு ஆடிவிட்டது.

"ரொம்ப நன்றி!" என்றது பருந்து.

மாலையில் குழு கூடி, மாசிலாமணி அண்ணன் பெயரிலும் ஒரு கல்வெட்டு வைத்தது.

பதவிக்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டிப் பழகியவருக்கு, தன் தலைக்கே ஆபத்து வரும்போதும் மறுக்கத் தெரியாது.