கன்னத்தில் வைத்தால் கசக்காது

கொடிக்களூர் ராஜா கம்பீரமாறனுக்கு மீசை பெரிசு. ராஜ்யம் அதைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. சும்மா இருந்தால் நல்ல மனுஷர். ஆனால் அவருக்குத் திடீரென்று வைத்தியப் பித்து பிடித்துவிட்டது. பாகற்காயையும் நிலவேம்பையும் அண்டாவில் போட்டுக் கிளறோ கிளறு என்று கிளறி, ஒரு லேகியம் கண்டுபிடித்தார். நிறம் கன்னங்கரேல். வாசனையைப் பற்றிப் பேசாமல் விடுவோம். ருசி பார்த்த சமையல்காரர் அதற்கப்புறம் சர்க்கரையைக்கூடச் சந்தேகத்தோடுதான் வாயில் போட்டார்.

கிடங்கு நிறைய லேகிய ஜாடிகள். வாங்கத்தான் ஆளில்லை.

ராஜா சபையைக் கூட்டினார். "படம் வரைஞ்சு ஊரெல்லாம் மாட்டுங்க! நாட்டிலே இருக்கிற அத்தனை பேர் கண்ணும் அந்தப் படத்து மேலே படணும்!"

"உங்க திருமுகம் இருக்கும்போது வேறென்ன வேணும் மகாராஜா?" என்று முந்திக்கொண்டார் மந்திரி திருமேனி. ராஜாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர் போனவர் புன்னைவனம். அவர் எழுந்தார். "படம் இருக்கட்டும். லேகியத்தை வாங்கப் போறது யாரு மகாராஜா?"

"எல்லாரும்தான்!"

"எல்லாரும்னு ஒரு ஆளை நான் தெருவிலே பார்த்ததே இல்லையே."

"உட்காரும் ஓய்!" என்றார் ராஜா. புன்னைவனம் உட்கார்ந்தார்.

படம் தயாரானது. கம்பீரம் தெரியட்டும் என்று கண்ணை உருட்டி வரையச் சொன்னார் மந்திரி. வீரம் தெரியட்டும் என்று மீசையை இரண்டு பங்காக்கச் சொன்னார். லேகியத்தை ராஜா ரசித்துச் சாப்பிடுகிறார் என்று தெரிய வேண்டாமா? நாக்கையும் முழு நீளத்துக்கு வெளியே நீட்ட வைத்தார். கையில் ஒரு ஜாடி. ஓவியர் தலையைச் சொறிந்துகொண்டே வரைந்து கொடுத்தார்.

படங்களைச் சந்தையில் மாட்டினார்கள். லேகியம் ஒரு ஜாடிகூட விற்கவில்லை. ஆனால் படங்கள் மட்டும் மாயமாகிக்கொண்டே இருந்தன. மாட்ட மாட்டக் காணோம்.

"பார்த்தீங்களா! ஜனங்க பாசத்திலே உங்களை வீட்டுக்கே எடுத்துட்டுப் போறாங்க!" என்றார் மந்திரி.

ராஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று திரை போட்ட பல்லக்கில் கிளம்பினார். கூட நடந்தார் புன்னைவனம். பாதி கட்டிய வீடுகளில் எல்லாம் ராஜா படம். கத்தரித் தோட்டத்தில் ராஜா படம். ஒரு எருமைத் தொழுவத்தில், எருமைக்கு நேர் மேலே, ராஜா படம்.

"எருமைகிட்ட கூடவா!" என்று உருகினார் ராஜா. "அதோ, தோட்டத்திலே கத்தரிக்காய் பறிக்கிற அந்த அம்மாகிட்ட விசாரியும் ஓய்."

புன்னைவனம் கேட்டார். "ஏம்மா, இந்தப் படத்தை எதுக்குக் கட்டியிருக்கே?"

"காய்ப்பு நல்லா இருக்குங்களே, கண்ணு பட்ருமில்ல? முன்னெல்லாம் பூசணிக்காயில மூஞ்சி வரைஞ்சு தொங்கவிடுவோம். இந்தத் திருஷ்டி பொம்மை அதைவிட அருமைங்க. நாக்கைப் பாருங்க, எந்தப் புண்ணியவான் வரைஞ்சானோ!"

புன்னைவனத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குபுக்கென்று வந்துவிட்டது.

பல்லக்குத் திரை விலகியது. உள்ளேயிருந்து அதே உருட்டிய கண்கள். பார்த்த அந்தம்மா கத்தரிக்கூடையைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தாள்.

"சிரிக்கிறீரா?" ராஜாவின் மீசை துடித்தது. "அடுத்த சந்தைக்குள்ளே அத்தனை ஜாடியும் விற்கணும். படத்திலே ஒரு மயிரிழைகூட மாத்தக் கூடாது. பொய்யும் சொல்லக் கூடாது. விற்காத லேகியம் பூரா உம்ம வயித்துக்குத்தான்!"

புன்னைவனத்துக்கு இப்போதே நாக்கு கசந்தது. "படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதிக்கலாமா?"

"எழுதிக்கொள்ளும்!"

மறுநாள் அவர் எழுதவில்லை. சந்தைத் தெருவுக்குப் போய், படத்துக்கு எதிரே ஒரு வெற்றிலைக்கடை ஓரம் உட்கார்ந்து, பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆண்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள். கிழவர்கள் ஜாடியைப் பார்த்ததும் நடையை எட்டிப் போட்டார்கள். கைக்குழந்தைக்காரிகள் மட்டும் நின்றார்கள். படத்தின் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நெட்டி முறித்தார்கள். புன்னைவனம் துள்ளி எழுந்து தூரிகையை எடுத்தார்.

அவர் எழுதிய வரி இதுதான்: 'கன்னத்தில் வைத்தால் கசக்காது.'

அவ்வளவுதான். கிடங்கு வாசலில் தாய்மார்கள் கூட்டம் முண்டியடித்தது. கன்னங்கரேலென்று இருக்கிறது, திருஷ்டிப் பொட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? மையாக இருந்தால் பிள்ளைகள் விரலால் வழித்து நக்கிவிடும். இதை ஒரு தடவை நக்கின பிள்ளை மறு தடவை கன்னத்துப் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை. சந்தை நாளுக்குள் கிடங்கைக் கூட்டிப் பெருக்கிவிட்டார்கள்.

ஜாடிகள் தீர்ந்ததில் ராஜாவுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அந்த முள் உள்ளே உறுத்தியது. "உண்மையைச் சொல்லும் ஓய். என் முகம் திருஷ்டி பொம்மை மாதிரியா இருக்கு?"

மந்திரி குனிந்து தன் கால் விரல்களை ஆராய்ந்தார்.

"மகாராஜா, நீங்க என்ன உத்தரவு போட்டீங்க? நாட்டிலே இருக்கிற அத்தனை பேர் கண்ணும் படத்து மேலே படணும்னு சொன்னீங்க. திருஷ்டி பொம்மைக்கு வேற என்ன வேலை? வீட்டு மேலே, வயல் மேலே, எருமை மேலே படவேண்டிய கண்ணெல்லாம் இப்போ உங்க மேலேதான் படுது. குடிகளுக்கு வர்றதைத் தன் தலையிலே வாங்கிக்கிறவர்தானே ராஜா!" என்றார் புன்னைவனம்.

ராஜா யோசித்தார். மீசையை நீவினார். அப்புறம் பல்லக்கில் தன்னைப் பார்த்துவிட்டு ஓடின அந்த அம்மா நினைவுக்கு வந்தாளோ என்னவோ, சிம்மாசனம் ஆட ஆடச் சிரித்தார்.

"பிழைச்சீர் ஓய்! என்ன பரிசு வேணும், கேளும். பொன்னா? பட்டா?"

புன்னைவனம் தலையைச் சொறிந்தார்.

"அதெல்லாம் எதுக்கு மகாராஜா? நான் புதுசா ஒரு வீடு கட்டிக்கிட்டிருக்கேன். உங்க படம் ஒண்ணு கொடுத்தீங்கன்னா போதும்."