இருளாயி போட்ட புல் முடிச்சு

ஒரு மலையடிவாரத்துல ஒரு காடு இருந்துச்சாம். குட்டிக் காடு. ஒரு வெத்தலையை மென்னு துப்புறதுக்குள்ள இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வந்துரலாம். ஆனா அதுக்குள்ள என்ன இல்லேங்கிறே? கோடையிலயும் வத்தாத சுனை, மழை பெஞ்சா பாறையில வழியுற அருவி, புல்வெளி நிறைய புள்ளிமானு.

அங்க தேனெடுக்கிற சனத்துல இருளாயின்னு ஒருத்தி. வேட்டைக்கு வந்த ராஜா அவளைப் பார்த்து, மனசுக்குப் பிடிச்சுப்போயி, கல்யாணமும் கட்டிக்கிட்டான். அந்தச் சனத்துக்கு ஒரு வழக்கம். காட்டை விட்டுப் போறவங்க ஓரத்துப் புல்லுல ஒரு முடிச்சு போடணும், திரும்பி வந்து அவங்களே அவுக்கணும். இருளாயியும் முடிச்சு போட்டுட்டுத்தான் பல்லக்குல ஏறினா.

அரண்மனையில அவளுக்குச் சோறு இறங்கல. தூறல் போட்டா மாடத்துல போய் நிப்பா. இந்நேரம் அருவி வழியுமேன்னு நெஞ்சு கிடந்து அடிச்சுக்கும்.

"ஒரே ஒரு தடவை போய்ட்டு வந்துடுறேங்க"ன்னா.

"உள்ளங்கை அகலம் இருக்கு, அதெல்லாம் ஒரு காடா? இங்கயே கொண்டாரச் சொல்றேன்"னான் ராஜா.

முதல்ல சுனைத்தண்ணியைக் குடத்துல கொண்டாந்தாங்க, மூணாம் நாளு புழு வச்சிருச்சு. அப்புறம் ஒரு மானைக் கொண்டாந்தாங்க, அது காடு இருக்கிற திசையைப் பார்த்து நின்னே செத்துப்போச்சு. இருளாயி அழுதா பாரு, கல்லும் கரைஞ்சிரும். அப்புறம், அந்தக் காட்டுப் புல்லை அறுத்தாரேன்னு ராஜாவே கிளம்பிட்டான்.

"ராணியம்மா போட்ட முடிச்சு கிடக்குதுங்க மகாராசா. அதை அறுத்தவனைக் காடு வெளிய விடாதும்பாங்க"ன்னு கூட வந்தவங்க கைகட்டி நின்னாங்க. ராஜா சிரிச்சுக்கிட்டே கத்தியை உருவி முடிச்சை அறுத்தான்.

அறுத்துட்டுத் திரும்பி நடந்தான், சுனை வந்துச்சு. வேற பக்கம் நடந்தான், அருவி வந்துச்சு. இன்னொரு பக்கம் நடந்தான், அறுத்த புல்லுகிட்டயே வந்து நின்னான். வெத்தலை மெல்லுற நேரத்துக் காடு, பொழுது சாஞ்சும் தீரல.

சேதி கேட்டு இருளாயி ஓடியாந்தா. நேரா சுனைக்குப் போயி ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளிக் குடிச்சா. அப்பத்தான் அவளுக்கு மூச்சே வந்துச்சு.

ராஜா கண்ணு கலங்கி நின்னான். "இருளாயி, ஒரே ஒரு தடவை என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயேன்."

"நானும் இதைத்தானேங்க கேட்டேன்"னா. "முடிச்சு இருந்தா அவுத்து விட்டிருப்பேன். நீங்க அறுத்துட்டீங்களே."

அடுத்தவ ஏக்கத்தைப் பார்த்துச் சிரிச்சவனுக்கு அதே ஏக்கம் வந்து சேந்துச்சு. அவ காடு சேந்தா, அவன் வழி தேடுறான், நம்ம கதை இம்புட்டுத்தான்.