குறுக்கே நின்ற புங்கமரம்

பூங்காவில் தட்டை வீசிச் சங்கிலிக் கூடையில் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃப் ஆட நகராட்சித் தலைவர் தங்கவடிவேல் தினமும் வருவார். ஒருநாளும் தட்டு கூடையில் விழுந்ததில்லை. வெயில் கண்ணில் அடிக்கிறதென்று கூடையை இடம் மாற்றச் சொன்னார். புல் வழுக்குகிறதென்று செதுக்கச் சொன்னார். எல்லாம் செய்து தோட்டக்காரி சிட்டம்மாளுக்கு அலுத்துவிட்டது.

அன்று தட்டு புங்கமரத்தில் மோதியது.

"சாயங்காலத்துக்குள்ள இந்த மரத்தை வெட்டிடு" என்றார் தலைவர்.

சிட்டம்மாள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "வெட்டிடுறேன் ஐயா. ஆனா குறுக்க இருக்கிறது இது ஒண்ணுதான். நாளைக்கும் தட்டு விழலைன்னா எதைக் குத்தம் சொல்லுவீங்க?"

கூட ஆடியவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றார்கள். தலைவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல நிழல். இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.