சேறு பூசி ஓடிய எருமை

கொன்றைமலைக் காட்டில் கருமணி என்றொரு எருமை இருந்தது. ஒரு நாள் காலை அது சேற்றுப் பள்ளத்திலிருந்து எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, "நான் ஓடப் போறேன்" என்றது.

மற்ற எருமைகள் அசைபோடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தன.

"எதுக்குடி ஓடணும்? புலி கிலி வருதா?" என்று கேட்டது அதன் மதினி எருமை.

"புலியும் வரல, ஒண்ணும் வரல. இந்த வருஷம் மலையோட்டத்துல நான் ஓடப் போறேன் மதினி!"

அவ்வளவுதான். கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த சிரிப்பில் பள்ளத்துச் சேறு நாலு பக்கமும் தெறித்தது.

மலையோட்டம் அந்தக் காட்டின் வழக்கம். பங்குனியில் ஒரு நாள், விடிந்ததும் ஊற்றடியிலிருந்து கிளம்ப வேண்டும். மலையைச் சுற்றி ஓடி, பொழுது சாய்வதற்குள் மறுபடியும் ஊற்றடிக்கு வந்து சேர வேண்டும். முதலில் வந்தது யார், கடைசியில் வந்தது யார் என்ற பேச்சே கிடையாது. ஓர் இனத்தில் ஒருவர் வந்து சேர்ந்தாலும் போதும், அந்த இனம் முழுவதும் கோடைக்கு ஊற்றுத் தண்ணீர் குடிக்கலாம். வந்து சேராத இனத்துக்குக் கீழே இருக்கும் பாசிக் குட்டைதான் கதி.

மான், பன்றி, குரங்கு எல்லாம் வருஷா வருஷம் எப்படியோ ஓடிவிடும். எருமைகள் மட்டும் ஓடியதே இல்லை. "எருமையாவது ஓடறதாவது!" என்று காடு சொல்லியது. எருமைகளும் அதை நம்பிப் படுத்துவிட்டன. பிறர் நம்மைப் பற்றிச் சொல்வதை நாமே நம்பிவிட்டால் எவ்வளவு சுகம் பாருங்கள், எழுந்திருக்கவே வேண்டியதில்லை!

ஆனால் போன கோடையில் அந்தக் குட்டைத் தண்ணீரைக் குடித்து, கருமணியின் மூத்த கன்று வயிறு ஊதிச் செத்துப்போனது. இப்போது இளைய கன்று அதன் காலடியில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க!" என்றது கருமணி. "ஆனா என் கன்னு இந்தக் கோடையில அந்தக் குட்டைத் தண்ணியில வாய் வைக்காது!"

சிரிப்பு அடங்கிவிட்டது.

ஊற்றுக்குக் காவல் சுருளி என்ற நரி. செய்தி அதன் காதுக்குப் போனதும் அதற்குத் தூக்கம் போய்விட்டது. 'எருமைக் கூட்டம் ஊற்றுக்கு வந்தால் உள்ளே இறங்கிப் புரளுமே! கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணீர் கூழாகிவிடுமே!' என்று பயந்தது. வராதே என்று சொல்ல அதற்கு உரிமை இல்லை. அதனால் வேறு வழி யோசித்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கருமணியிடம் வந்தது.

"தங்கச்சி! ஓடப் போறியாமே? கேட்டதும் எனக்கு மனசு குளுந்துபோச்சு. நானே உன்னைப் பழக்கிவிடறேன்!"

"நீங்க நல்லா இருக்கணும் நரியண்ணே!" என்றது கருமணி. பாவம், அதற்கு ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. சொல்லித்தர ஒருவர் வந்ததே பெரிது என்று நினைத்தது.

"ஓட்டம்னா மான் ஓட்டம்தான்" என்றது சுருளி. "மான் மாதிரி துள்ளணும். மான் மாதிரி கொஞ்சமாத் தின்னணும். முக்கியமா, சேத்துப் பக்கமே போகக்கூடாது. சேறு ஒட்டினா உடம்பு பாரம். பாரத்தோட யாரால ஓட முடியும்?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கருமணி அன்றிலிருந்தே சேற்றை விட்டது. உச்சி வெயிலில் துள்ளித் துள்ளி ஓடியது. எருமை துள்ளினால் எப்படி இருக்கும்! குரங்குகள் மரத்துக்கு மரம் தாவி வந்து வேடிக்கை பார்த்தன. "இன்னும் வேகம்! இன்னும் வேகம்!" என்று சுருளி நிழலில் உட்கார்ந்து கத்தியது.

நாளுக்கு நாள் தூரம் கூட வேண்டும் அல்லவா? கருமணிக்கோ குறைந்துகொண்டே வந்தது. தோல் வெடித்தது. விலா எலும்பு தெரிந்தது. ஒரு நாள் பக்கத்திலிருந்த புளியமரத்தைக்கூட எட்ட முடியாமல், கண் இருட்டி நடுவழியில் விழுந்தது.

கருமணியின் முதுகில் எப்போதும் ஒரு கொக்கு உட்கார்ந்திருக்கும். உண்ணி பொறுக்கித் தின்பது அதன் பிழைப்பு. அன்று அது முதுகில் இறங்கிய வேகத்தில் பறந்தது.

"அய்யோ அக்கா! உன் முதுகுல நிக்க முடியல, கால் சுடுது! செத்துக்கித்துத் தொலைஞ்சிடாதே, எழுந்திரு!"

கருமணி தட்டுத் தடுமாறி எழுந்தது. பக்கத்தில் ஓர் ஓடைப் பள்ளம் இருந்தது. யோசிக்காமல் போய் அதில் சரிந்தது. சேறு வயிற்றைத் தொட்டது, விலாவைத் தொட்டது, கழுத்தைத் தொட்டது. எருமைக்கு உடம்புச் சூடு வேர்வையில் போகாது. சேற்றில்தான் போகும். சூடு இறங்க இறங்கக் கருமணிக்குக் கண் தெளிந்தது. கண் தெளிந்ததும் கோபம் வந்தது.

சுருளி தேடிக்கொண்டு வந்தது. "என்ன தங்கச்சி! சேத்துலயா கெடக்கறே? போச்சு, எல்லாம் போச்சு! உன்னால முடியாதுன்னு ஒத்துக்கிட்டு வீட்டுக்குப் போ."

"நான் மான் இல்ல" என்றது கருமணி. "மான் மாதிரி ஓடச் சொன்ன நீயும் மான் இல்ல. இனிமே நான் எருமை மாதிரி ஓடப் போறேன்!"

"எருமை மாதிரியா? அப்படி ஒரு ஓட்டமே கிடையாதே!"

"இன்னையிலிருந்து உண்டு! வழியை விடு!"

மறுநாள் முதல் கருமணி துள்ளவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு, தட் தட்டென்று ஒரே சீராக ஓடியது. பள்ளத்திலிருந்து புளியமரம் வரை ஓடியது. திரும்பி வந்து சேற்றில் படுத்தது. அடுத்த வாரம் வழுக்குப்பாறை வரை போனது. மலையைச் சுற்றி எங்கெங்கே சேறு கிடக்கிறது என்று மோந்து மோந்து கண்டுபிடித்தது. ஓடைத் திருப்பத்தில் ஒரு பள்ளம். யானைகள் புரண்டு உண்டாக்கிய மடு ஒன்று. மலைக்குப் பின்னால், நாணலுக்குள் ஒளிந்திருந்த சகதி ஒன்று. சேற்றிலிருந்து சேறு வரை ஓடுவது, படுத்து எழுவது, மறுபடி ஓடுவது. இதுதான் அதன் பயிற்சி.

கால் வலித்தது. குளம்பு தேய்ந்தது. சில நாள் எழுந்திருக்கவே மனம் வராது. அப்போது கன்றைப் பார்க்கும், எழுந்துவிடும்.

ஒரு நாள் மதினி எருமை வாய் நிறையப் பசும்புல்லைக் கொண்டுவந்து அதன் முன்னால் போட்டது. "நீ ஓடறது பைத்தியக்காரத்தனம். வயித்தைக் காயப்போட்டுட்டு ஓடறது அதைவிடப் பைத்தியக்காரத்தனம். தின்னுடி!"

ஓட்டத்துக்கு முந்தின சில நாட்கள் கருமணி ஓட்டத்தைக் குறைத்துவிட்டு நிறையத் தின்று, நிறையத் தூங்கியது. "பயந்துட்டா! எருமைப் புத்தி எங்கே போகும்?" என்று சுருளி ஊரெல்லாம் சொல்லியது. கருமணி கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

பங்குனி நாள் வந்தது. விடிந்ததும், ஓட்டம் தொடங்கச் சொல்லி ஆந்தை அலறியது. மான்கள் பாய்ந்தன, குரங்குகள் தாவின. ஒரு நிமிஷத்தில் முன்னால் புழுதி மட்டும்தான் இருந்தது. கருமணிக்கும் காலை வீசிப் போடலாமா என்று ஒரு ஆசை வந்தது.

"விடு அக்கா! அவங்க ஓட்டம் அவங்களுக்கு!" என்றது முதுகில் இருந்த கொக்கு.

தட் தட், தட் தட். ஓடைப் பள்ளம் வந்தது. படுத்தது, எழுந்தது. யானை மடு வந்தது. படுத்தது, எழுந்தது. உச்சி வெயில் ஏறியபோது மான்கள் நிழலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. சேறு பூசிய கருமணி அவற்றைத் தாண்டிப் போனது. ஒரு கிழட்டுக் கலைமான் வாயைப் பிளந்து பார்த்தது.

மலைக்குப் பின்னால் உள்ள நாணல் சகதிதான் கடைசி. அதைவிட்டால் ஊற்று வரைக்கும் வெறும் பாறை, வெறும் வெயில். கருமணி கொதிக்கக் கொதிக்க அங்கே வந்து சேர்ந்தபோது சகதி நிறையக் காட்டுப்பன்றிகள் படுத்துக் கிடந்தன. ஓர் அங்குலம் இடமில்லை.

"எழுந்திருங்க!" என்றது கருமணி.

"மாட்டோம்! கிழங்கு தர்றேன், பொழுது சாயற வரைக்கும் இங்கேயே கெடங்கன்னு நரி சொல்லியிருக்கு" என்றது ஒரு பன்றி. பன்றிக்கு ரகசியம் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"அக்கா, பொழுது போகுதே!" என்று கொக்கு பதறியது. "இடமே இல்லையே, என்ன செய்யறது?"

"நான் உக்காந்தா இடம் தானா வரும்!"

சொன்னபடி கருமணி முன்னங்காலை மடக்கித் தன் முழு உடம்போடு சகதிக்குள் உட்கார்ந்தது. வீல் வீலென்று கத்திக்கொண்டு பன்றிகள் நாலா பக்கமும் தெறித்து ஓடின. கருமணி இரண்டு தடவை புரண்டது. எழுந்தது. ஓடியது.

பாறையில் கால் எரிந்தது. பூசிய சேறு காய்ந்து உதிர்ந்துகொண்டே வந்தது. நெஞ்சு அடைத்தது. நின்றுவிடு என்று உடம்பு கெஞ்சியது. "நிக்க மாட்டேன்! நிக்க மாட்டேன்!" என்று சொல்லிக்கொண்டே ஓடியது. சூரியன் மலை முகட்டைத் தொடும் நேரத்தில் ஊற்றடி தெரிந்தது. எருமைக் கூட்டம் மொத்தமும் அங்கே நின்றிருந்தது. "வாடி! வாடி!" என்று மதினி போட்ட கூச்சலில் மரத்திலிருந்த கிளிகள் பறந்தன.

சுருளி பாதையின் குறுக்கே பாய்ந்து நின்றது. "செல்லாது! வழியெல்லாம் படுத்து எழுந்து வந்தவ ஓடினவ ஆக மாட்டா!"

"மான் நிழல்ல நின்னுச்சே, அது செல்லுமா? குரங்கு பாதி வழியில பழம் தின்னுச்சே, அது செல்லுமா?" என்று கருமணி மூச்சிரைக்கக் கேட்டது. "பொழுது சாயறதுக்குள்ள சொந்தக் காலால வரணும், அதுதான் சட்டம். வந்துட்டேன்! தள்ளு!"

"அவ சொல்றது சரிதான்" என்றது பின்னாலேயே வந்து சேர்ந்த கிழட்டுக் கலைமான். ஆனால் அந்தத் தீர்ப்புக்காகக் கருமணி காத்திருக்கவில்லை. அது நிற்காமல் நடந்து வருவதைப் பார்த்துச் சுருளிதான் ஒதுங்கிக்கொண்டது.

"அய்யோ, ஊத்துல இறங்கிப் புரளப் போறாளே! சேறாக்கப் போறாளே!" என்று அது அலறியது.

கருமணி கரையில் நின்று திரும்பிப் பார்த்தது.

"இதுக்கா இத்தனை பாடு படுத்தினே? எங்களுக்குப் புரள ஊரெல்லாம் சேறு கெடக்குதுடா முட்டாளே! இங்கே நாங்க வந்தது தண்ணி குடிக்க!"

பிறகு அது தன் கன்றை முன்னால் தள்ளிவிட்டது. கன்று கரையில் நின்று, கழுத்தை நீட்டி, தெளிந்த தண்ணீரை வயிறு நிறையக் குடித்தது. அதைப் பார்த்த பிறகுதான் கருமணி குனிந்து வாய் வைத்தது.

தன் உடம்பையும் இயல்பையும் அறிந்து தன் வழியில் விடாமல் உழைப்பவரை, அடுத்தவர் வழியைக் காட்டி யாரும் தோற்கடிக்க முடியாது.