கோட்டருகே விழுந்த பந்து

தூத்துக்குடியில் கடலோரமாக ஒரு பழைய டென்னிஸ் கிளப். செம்மண் தரை. அங்கே கோச்சாக இருந்தவர் பெர்பெத்துவா. மாநிலப் பெண்கள் அணிக்கு ஆடியவர். வயது நாற்பதைத் தொடவில்லை, ஆனால் அவரிடம் பழக வந்தவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். யாராவது நீளமாக விளக்கம் கேட்டால், "அடிங்க, பாப்போம்" என்பார். அவ்வளவுதான்.

வில்பிரட்டும் மொகுதூமும் அப்படி வந்தவர்கள். வில்பிரட் துறைமுகத்தில் சரக்கு ஏஜெண்டு. மொகுதூமுக்கு இரும்புக் கடை. முதன்முதலில் மட்டையைப் பிடிக்கும்போதே இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. பத்து வருடமாக இரட்டையர் ஆட்டத்தில் ஒரே ஜோடி. காலையில் ஒரே ஸ்கூட்டரில் வந்து ஒரே ஸ்கூட்டரில் போவார்கள்.

டென்னிஸில் எல்லாரையும்விடப் பெரிய ஆட்டக்காரர் யார் என்ற வாக்குவாதமும் கிட்டத்தட்ட அத்தனை வருடம் ஓடியது. வில்பிரட்டுக்கு ஃபெடரர். மொகுதூமுக்கு ஜோகோவிச். யாராவது நடுவில் புகுந்து நடால் என்று சொன்னால் இருவரும் சேர்ந்து அந்த ஆளை விரட்டுவார்கள்.

ஒருநாள் டீ குடிக்கும்போது பேச்சு தடம் மாறியது.

"அழகா அடிச்சா போதுமாலே? கடைசி செட்டுல நிக்கணும்" என்றார் மொகுதூம். "ஒன் ஆளும் ஒன்னய மாதிரிதான். பாக்க நல்லாருக்கும். நெருக்குனா ஒடஞ்சிரும்."

வில்பிரட்டுக்குச் சுருக்கென்றது.

"ஒன் ஆளு எங்க அடிக்கான்? அடுத்தவன் எப்ப தப்புப் பண்ணுவான்னு காத்துக் கெடக்கான். கல்லாவுல ஒக்காந்து ஒனக்கும் அதுதான பழக்கம்."

யாரும் சிரிக்கவில்லை. மொகுதூம் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் பஸ்ஸில் வந்தார். அதற்கடுத்த நாளும் பஸ்தான். வில்பிரட் ஸ்கூட்டரின் பின்சீட்டில் தன் பையைக் கட்டிக்கொண்டு வந்தார். கிளப்பில் இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

மதுரையில் நடக்கவிருந்த இரட்டையர் போட்டிக்கு ஜோடிகளின் பெயர் கொடுக்கும் நேரம் வந்தது. வில்பிரட் தயங்கித் தயங்கிப் பெர்பெத்துவாவிடம் போனார்.

"எங்க ஜோடிய எழுதாதீங்க, கோச்."

"மொகுதூம் அண்ணனும் இப்பத்தான் சொல்லிட்டுப் போறாரு. என்னாச்சு?"

வில்பிரட் நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது சின்னப்பிள்ளைச் சண்டை மாதிரிப் பட்டது. இருந்தாலும் நிறுத்தவில்லை.

"யாரு பெரிய ஆட்டக்காரர்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கிடுவோம்."

"அவர் ஒத்துக்கிடுவாரா?"

"ஒங்க பேச்ச அவன் என்னைக்குத் தட்டிருக்கான்?"

"சரி. நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் வாங்க."

மறுநாள் மைதானத்தில் வலையைக் கட்டி முடித்துவிட்டுப் பெர்பெத்துவா சொன்னார்: "எதிரெதிரா ஒரு செட் ஆடுங்க. நடுவர் கெடையாது. அவங்கவங்க பக்கம் விழுற பந்துக்கு அவங்கவங்கதான் தீர்ப்பு."

"ஜெயிக்கிறவன் சொல்றதுதான் சரின்னு வச்சுக்கிடணுமா, கோச்?" என்று கேட்டார் வில்பிரட்.

"ஆடுங்க" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார் பெர்பெத்துவா.

ஆடினார்கள். வில்பிரட் வெறியோடு அடித்தார். எதை அடித்தாலும் மொகுதூம் திருப்பிப் போட்டார். மூலையில் போட்டாலும் வந்தது. தலைக்கு மேல் தூக்கிப் போட்டாலும் வந்தது. பத்து வருடம் பக்கத்தில் நின்று ஆடியவரை வில்பிரட் எதிரில் நின்று பார்ப்பது இதுதான் முதல்முறை. பந்து வருமுன்னே மொகுதூம் ஓடத் தொடங்கிவிடுகிறார். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் இடது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார். இந்த வலி எப்போதிருந்து? தன்னிடம் சொன்னதில்லையே.

ஒருமுறை வில்பிரட்டின் ஒற்றைக்கை பேக்ஹேண்ட் கச்சிதமாக விழுந்தது.

"மாஷா அல்லாஹ்" என்றார் மொகுதூம், தன்னை மறந்து. உடனே வாயை மூடிக்கொண்டார்.

வெயில் ஏறியது. இருவருக்கும் மூச்சு வாங்கியது. நெடுநேரம் போய்வந்த ஒரு பந்தை வில்பிரட் கோட்டையொட்டி ஓங்கி அடித்தார். மட்டையை விட்டுப் போகும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது, வெளியே என்று. நெருக்கியதும் உடைந்துவிட்டோம் என்று நினைத்தார். வெளியே என்று மொகுதூம் சொல்லட்டும் என்று காத்து நின்றார்.

மொகுதூம் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"உள்ள" என்றார்.

வில்பிரட்டுக்குக் காதில் கேட்டதை நம்ப முடியவில்லை. வலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். செம்மண்ணில் பந்தின் தடம் தெளிவாக இருந்தது. கோட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.

"வெளியலே இது."

"உள்ள."

"கண்ணத் தொறந்து பாரு. வெரல் நுழையுது!"

"என் பக்கம் விழுந்த பந்து. தீர்ப்பு என்னது. ஒனக்கென்ன?"

"நான் தப்பா அடிச்சத நீ எதுக்குலே சரின்னு சொல்லுத?"

"எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. சந்தேகம்னா எதிராளிக்குக் குடுக்கணும்னுதான கோச் சொல்லித் தந்தாங்க?"

"எனக்குச் சந்தேகம் இல்லியே! ஒனக்குத்தாம்லே பாயிண்டு."

"எனக்கு வேண்டாம்."

"எனக்கும் வேண்டாம்."

குரல் உயர்ந்துகொண்டே போனது. பக்கத்துக் கோர்ட்டில் ஆடியவர்கள் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வில்பிரட் மூச்சுவிட நிறுத்தினார். தப்புக்காகக் காத்துக் கிடப்பவன் என்று இந்த ஆளைத்தான் சொன்னோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "முட்டு வலிக்காலே?" என்று மட்டும் கேட்டார்.

"கொஞ்சம்" என்றார் மொகுதூம்.

பெர்பெத்துவா எழுந்து வந்தார்.

"நீங்களே சொல்லுங்க, கோச். உள்ளயா, வெளியயா?" என்று கேட்டார் வில்பிரட்.

பெர்பெத்துவா அந்தத் தடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஷூவால் இரண்டு தேய் தேய்த்தார். செம்மண் சமமாகிவிட்டது.

"அய்யோ, அழிச்சிட்டீங்களே!"

"ஸ்கோர் என்ன?"

வில்பிரட் மொகுதூமைப் பார்த்தார். மொகுதூம் வில்பிரட்டைப் பார்த்தார். பேச்சுவார்த்தை இல்லாததால் காலையிலிருந்து யாரும் வாய்விட்டு ஸ்கோர் சொல்லியிருக்கவில்லை. மனதுக்குள் எண்ணியதும் எங்கேயோ விட்டுப்போயிருந்தது.

"நீ எண்ணலியா?"

"நீ எண்ணுவேன்னுல்லா நெனச்சேன்."

பெர்பெத்துவா ஒரு புதுப் பந்தை எடுத்து மொகுதூமின் கையில் வைத்தார்.

"கோச், அந்தக் கேள்வி?" என்றார் வில்பிரட். "யாரு பெரிய ஆட்டக்காரர்னு நீங்க இன்னும் சொல்லலியே."

பெர்பெத்துவா பெஞ்சைப் பார்த்து நடந்தார். திரும்பாமலே சொன்னார்:

"முதல்லருந்து ஆடுங்க. இந்தத் தடவ ஸ்கோரச் சத்தமா சொல்லிக்கிடுங்க."